மாடியில் ஓர் எலுமிச்சை மரம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு என்று ஒன்று இருக்கிறது. கிழக்கே கோட்டைக்குப் பக்கத்தில் உள்ளது. பழைய கடைத்தெரு. அங்கே மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும். எலுமிச்சம் பழம் குவியல் குவியலாகக் கிடக்கும்.

இந்தப் பழம் எங்கிருந்து வருகிறது? நிறையப் பழம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே எலுமிச்சைக்கென்றே சந்தை நடக்கிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிறார்கள். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டு வருகிறார்கள்.

மழைக்காலத்தில் இந்தப் பழம் மலிவாகக் கிடைக்கும். கோடை வந்தால் விலை ஏறும். தாகம் எடுக்கும் காலத்தில்தான் பழம் குறைவு. 2022 ஏப்ரல் மாதம் நினைவிருக்கிறதா? நாட்டில் பல ஊர்களில் ஒரே ஒரு பழம் 10 ரூபாய்க்கு விற்றது. சில இடங்களில் அதற்கு மேலும் விற்றது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு குவளை எலுமிச்சைச் சாறு குடிக்க யோசிக்க வேண்டியதாயிற்று.

"நமக்கு ஏது நிலம்? மரம் வைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நகரத்தில் பலருக்கு நிலம் இல்லை. ஆனால் மாடி இருக்கும். அல்லது வாசலில் நாலடி இடம் இருக்கும். எலுமிச்சைக்கு அது போதும். இது தொட்டியில் காய்க்கும் மரம்.

ஆனால் ஒரு விஷயம். தொட்டியில் வைத்த எலுமிச்சை பல வீடுகளில் காய்ப்பதில்லை. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றுவார்கள். முள்ளும் இலையுமாக நிற்கும். பூ வராது. "மலட்டு மரம்" என்று வெட்டிப் போடுவார்கள். மலட்டு மரம் என்பது அநேகமாகக் கிடையாது. வெயில் போதாமல் இருக்கும். வேரில் தண்ணீர் தேங்கி இருக்கும். மண் புளித்திருக்கும். அல்லது அது காய்க்கும் வயசே ஆகியிருக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் கன்று வாங்குவது?

எலுமிச்சையை மலையாளத்தில் செறுநாரகம் என்பார்கள். பழத்தைச் செறுநாரங்ஙா என்பார்கள். வெறுமே "நாரகம்" என்று கேட்டால் வேறு கன்றைத் தந்துவிடுவார்கள். ஊறுகாய்க்குப் போடும் பெரிய காயும் நாரங்காதான். சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். (ஆரஞ்சு என்ற சொல்லும் இந்த நாரங்கா என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். சொல் இங்கிருந்து கிளம்பி, பல நாடு சுற்றி, ஆரஞ்சு ஆகித் திரும்பி வந்திருக்கிறது.)

கன்றில் மூன்று விதம் உண்டு. விதைக் கன்று, பதியன், ஒட்டுக் கன்று.

விதைக் கன்று மலிவு. வீட்டிலேயே விதை போட்டும் வளர்க்கலாம். எலுமிச்சை விதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று முளை வரும். அவை பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே இருக்கும். அதனால் நல்ல மரத்தின் விதையை நம்பிப் போடலாம். ஆனால் பொறுமை வேண்டும். விதைக் கன்று காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். தொட்டியில் இன்னும் தாமதம் ஆகலாம்.

பதியன் என்றால் என்ன? காய்க்கிற மரத்தின் கிளையில் பட்டையைச் சுற்றி எடுப்பார்கள். அந்த இடத்தில் ஈர மண்ணோ தென்னை நார்த்தூளோ வைத்துக் கட்டுவார்கள். அங்கே வேர் விடும். பிறகு கிளையை வெட்டித் தனிக் கன்றாக வைப்பார்கள். அது காய்த்த கிளை. அதற்கு வயசு ஆகிவிட்டது. ஆகவே இரண்டு வருஷத்துக்குள் பூக்கத் தொடங்கும். தொட்டிக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

ஒட்டுக் கன்றும் சீக்கிரம் காய்க்கும். அதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு சற்றுத் தடித்திருக்கும். அதற்குக் கீழே வரும் தளிர் நம் எலுமிச்சை அல்ல. அது அடிச்செடியின் தளிர். அதற்கு முள் அதிகம், வேகம் அதிகம். விட்டால் மேலே உள்ள நல்ல கிளையின் சத்தையெல்லாம் அது உறிஞ்சிக் கொள்ளும். கண்டவுடன் கிள்ளி விட வேண்டும். சில வீடுகளில் "எலுமிச்சை இலை மாறிவிட்டது" என்பார்கள். இலை மாறவில்லை. மரமே மாறிவிட்டது.

நாற்றுப் பண்ணையில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இது விதைக் கன்றா, பதியனா, ஒட்டா?" பதில் தெளிவாக வராவிட்டால் அடுத்த பண்ணைக்குப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து வாங்குவதானால் பி.கே.எம். 1 என்ற ரகம் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம். திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பகுதியிலேயே கிருஷி பவனும் இருக்கும். கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். சொறி போலப் புள்ளி இருந்தால் வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டியும் மண்ணும்

சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். வேர் அழுகும். முதலில் ஓரடி வாய் உள்ள தொட்டி போதும். ஒன்றரை வருஷம் கழித்து ஒன்றரை அடித் தொட்டிக்கு மாற்றலாம். மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம், எதுவானாலும் சரி. பெயிண்டும் ரசாயனமும் இருந்த டிரம் மட்டும் வேண்டாம். அடியில் நாலைந்து துளை அவசியம். விரல் நுழையும் அளவு இருக்கட்டும். துளையின் மேல் ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மண் போகாது, தண்ணீர் போகும்.

திருவனந்தபுரத்து மண் பெரும்பாலும் செம்மண். மழை அதிகம் பெய்கிற ஊர் இது. மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடும். மிஞ்சுவது புளித்த மண். புளித்த மண்ணில் உரம் போட்டாலும் வேர் அதைச் சரியாக எடுக்காது. பழம் புளிப்புதான், ஆனால் மரத்துக்கு மண் அதிகம் புளிக்கக் கூடாது!

இதற்கு வழி சுலபம். ஒரு தொட்டி மண்ணுக்கு ஒரு பிடி நீற்றுச் சுண்ணாம்புப் பொடி. இங்கே கும்மாயம் என்று கேட்டால் கிடைக்கும். மண்ணில் கலந்து, ஈரப்படுத்தி, நிழலில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். அதன் பிறகே எருவைச் சேருங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் கலந்தால் சாணத்தில் உள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். பணமும் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து இப்படிக் கலக்கலாம். மண் ஒரு பங்கு. நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு. மணல் அல்லது தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளை இங்கே சகிரிச்சோறு என்பார்கள். அதை இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதில் உள்ள கறை வேருக்கு ஆகாது. இரண்டு பிடி வேப்பம் பிண்ணாக்கும் ஒரு பிடி எலும்புத் தூளும் போடலாம். தொட்டியின் விளிம்புக்கு மூன்று விரல் கீழே வரை மண் இருக்கட்டும். கன்றின் தண்டை மண்ணில் ஆழமாகப் புதைக்காதீர்கள். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

எலுமிச்சைக்குத் தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் இலை வரும், பூ வராது. காய்க்காத தொட்டி மரங்களில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வழியில் போவதில்லை. நம் ஊரில் ஜூன் மாதம் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து போகும். வீட்டின் வடக்குச் சுவர் ஓரம் வைத்த தொட்டிக்கு ஜூனில் வெயில் கிடைக்கும். டிசம்பரில் சுவரின் நிழல் விழுந்துவிடும். நாமோ "போன மாதம் வெயில் இருந்ததே" என்று நினைத்துக் கொண்டிருப்போம். மாதம் ஒரு முறை காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மாடியில் வைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஒன்றரை அடித் தொட்டியில் ஈர மண் நிறைந்தால் ஓர் ஆள் எடை இருக்கும். பத்துத் தொட்டி வைத்தால் பத்து ஆள் இரவும் பகலும் மாடியில் நிற்பது மாதிரி. ஆகவே தொட்டிகளைத் தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காதீர்கள். கீழே சுவர் இருக்கும் இடத்தின் மேலே, ஓரமாக, வரிசையாக வையுங்கள். பழைய வீடானால் கொத்தனாரிடம் காட்டிக் கேட்ட பிறகு வைப்பது நல்லது.

மார்ச், ஏப்ரலில் சிமெண்டுத் தளம் கொதிக்கும். கறுப்புத் தொட்டி அதைவிடக் கொதிக்கும். உள்ளே வேர் வெந்துவிடும். தொட்டியைச் சுற்றித் தென்னோலை அல்லது பழைய சாக்கு கட்டுங்கள். மண்ணின் மேலே காய்ந்த இலை, தேங்காய் மட்டை பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள்.

தண்ணீர்: குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு

தொட்டி எலுமிச்சை தாகத்தால் சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து சாவதுதான் அதிகம். ஏன்? வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது. காற்றும் வேண்டும். மண்ணில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று இருக்கும். தண்ணீர் தேங்கினால் காற்று வெளியேறும். வேர் மூச்சு முட்டும். பிறகு பூஞ்சணம் பிடித்து அழுகும். வேர் அழுகிய மரம் வாடும். வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்! இப்படித்தான் மரம் சாகிறது.

அதனால் கடிகாரம் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றக் கூடாது. அடித்துளை வழியே ஒழுகும் வரை ஊற்றுங்கள். கோடையில் தினமும் தேவைப்படலாம். காலை வேளை நல்லது.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். எலுமிச்சைக்கு உப்பு ஆகாது. இலை நுனி கருகும்.

திருவனந்தபுரத்தில் இரண்டு மழைக்காலம் உண்டு. ஜூன் முதல் தென்மேற்கு மழை. அக்டோபர், நவம்பரில் துலாமழை. இந்த மாதங்களில் நம் வேலை தண்ணீர் ஊற்றுவதல்ல, தண்ணீரை வெளியேற்றுவதுதான். தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை தரையில் படக் கூடாது. மழை பெய்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேலே தண்ணீர் நின்றால் துளை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தி விடுங்கள். (ஆற்றுகால் பொங்காலை முடிந்ததும் தெருவெல்லாம் செங்கல் கிடக்கும். அதை எடுக்க வேண்டாம். மாநகராட்சி அந்தக் கல்லைச் சேகரித்து வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது.)

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தரை அழுக்காகாது என்பதற்காக வைக்கிறார்கள். அந்தத் தட்டில் தண்ணீர் நிற்கும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறக்கும். 2017-இல் கேரளத்தில் டெங்கு பெரிதாகப் பரவியது. திருவனந்தபுரம் மாவட்டம்தான் அதிகம் அடிபட்டது. பலர் இறந்தார்கள். பழத்துக்கு ஆசைப்பட்டுக் கொசுவை வளர்க்கக் கூடாது. தட்டே வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால் வாரம் ஒரு நாள் தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். தேய்ப்பது அவசியம். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டிருக்கும்.

இலையைப் படிக்கலாம்

நாம் எழுத்தைப் படிக்கக் கற்றோம். இலையையும் படிக்கலாம். மரத்துக்கு என்ன குறை என்று இலை சொல்லும். இதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. முதலில் மஞ்சளாவது பழைய இலையா, புது இலையா என்று பாருங்கள்.

கீழே உள்ள பழைய இலை முழுவதும் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. மரம் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது. பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துப் புதிய தளிருக்குக் கொடுக்கிறது. வீட்டில் சாப்பாடு குறைந்தால் பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைக்குக் கொடுப்பார்களே, அதுபோல. இதற்குக் கடலைப் பிண்ணாக்கு நல்லது. ஒரு பிடிப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வையுங்கள். நாற்றம் வரும், பரவாயில்லை. அதைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். மாதம் இரண்டு முறை போதும்.

பழைய இலையின் ஓரங்கள் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் கூம்பு வடிவில் பச்சை நின்றால் அது மக்னீசியக் குறைவு. புளித்த மண்ணில் இது அதிகம் வரும்.

புதிய இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? பழைய இலை நன்றாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் இரும்பும் துத்தநாகமும் போதவில்லை. துத்தநாகம் குறைந்தால் புது இலை சிறுத்து, குறுகி, கொத்தாக வரும். இந்தச் சத்துகள் மரத்துக்கு மிகக் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாமல் முடியாது. இதற்குப் பிண்ணாக்கு மட்டும் போதாது. நுண்ணூட்டக் கலவை வாங்கி இலையில் தெளிக்க வேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் எலுமிச்சை இனத்துக்கென்றே இப்படி ஒரு கலவை தயாரித்திருக்கிறது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். அதற்கு மேல் போட வேண்டாம். கூடினால் இலை கருகும்.

ஆனால் கலவை வாங்கும் முன் வேரைச் சந்தேகப்படுங்கள். வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் மஞ்சளாகும். தொட்டியில் ஈரம் போகாமல் துர்நாற்றம் அடித்தால் மருந்தால் பயன் இல்லை. மரத்தை மண்ணோடு வெளியே எடுங்கள். கறுத்துக் குழைந்த வேரை வெட்டி எறியுங்கள். வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும் வேரை விடுங்கள். புது மண்ணில் வைத்துச் சில நாள் நிழலில் வையுங்கள். கிளையையும் கொஞ்சம் குறைத்து விடுங்கள். வேர் குறைந்த மரத்தால் எல்லா இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

நன்றாக இருக்கும் மரத்துக்கும் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மண் மாற்ற வேண்டும். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்தது போல ஆகியிருக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் வெட்டி, புது மண் போட்டு அதே தொட்டியில் வைக்கலாம்.

பறவை எச்சம் போல ஒரு புழு

தளிர் இலையில் பறவை எச்சம் கிடப்பதுபோலத் தெரியும். துடைக்கப் போனால் அசையும்! அது புழு. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்தால் பச்சை ஆகிவிடும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலையிலிருந்து சிவந்த கொம்பு ஒன்று வெளியே வரும். ஒரு வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். அது கடிக்காது. பறவையை மிரட்ட இயற்கை கொடுத்த வித்தை அது.

இந்தப் புழு அழகான வண்ணத்துப் பூச்சியாக மாறும். ஒரு வகைக்கு மலையாளத்தில் நாரகக்காளி என்றே பெயர். கறிவேப்பிலைச் செடியிலும் இதே புழுவைப் பார்க்கலாம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். பெரிய மரத்தில் நாலு புழு இருந்தால் விட்டுவிடலாம். சின்னக் கன்றில் இரண்டு புழு போதும், மூன்று நாளில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்து வேறிடத்தில் விடுங்கள். மருந்து தேவையில்லை.

தளிரில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடு தெரிந்தால் அது இலை துளைப்பான். இலைத் தோலுக்குள் சின்னப் புழு சுரங்கம் போட்டுப் போகிறது. இதற்கும் பேனுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் நல்லது. வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்துப் பிழிந்த பூண்டுச் சாறு 20 கிராம் பூண்டிலிருந்து, சீவிக் கரைத்த பார் சோப்பு 5 கிராம், தண்ணீர் 1 லிட்டர். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. மாலையில் இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வேகும்.

மரத்தில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா? இலையில் கரி பூசியது போலக் கறுப்பு படிகிறதா? மேலே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது இனிப்பான நீரைக் கழிக்கும். எறும்பு அதற்காகவே அந்தப் பூச்சியைக் காவல் காக்கும். ஆனால் எல்லா எறும்பும் ஒன்றல்ல. இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு உண்டு. நாஞ்சில் நாட்டில் முசுறு என்பார்கள். இங்கே நீறு என்பார்கள். அது புழு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சீனாவின் தெற்குப் பகுதியில் 1,700 வருஷங்களுக்கு முன்பே இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் விற்றார்கள். ஆரஞ்சு மரத்தில் விடுவதற்காக வாங்கிப் போனார்கள். பூச்சியை வைத்துப் பூச்சியை ஒழிக்கும் முறையில் எழுத்தில் பதிவான மிகப் பழைய செய்தி அதுதான் என்கிறார்கள். மாடித் தொட்டியில் முசுறைக் கொண்டு வந்து விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். துணி காயப் போடப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

சொறி நோய்

இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி வரும். சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இது சொறி நோய். பாக்டீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருகிறது. மழைச் சாரலோடு ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குத் தெறிக்கும். நம் ஊர் மழைக்கு இது கேட்கவே வேண்டாம். பழத்தின் உள்ளே சாறு நன்றாகத்தான் இருக்கும். சாப்பிடலாம். ஆனால் மரம் வலு இழக்கும்.

மழைக்கு முன்பே நோய் கண்ட குச்சிகளை வெட்டி எரித்து விடுங்கள். கத்தரியைச் சூடுகாட்டித் துடையுங்கள். பிறகு போர்டோ கலவை தெளிக்கலாம். வீட்டிலேயே செய்யலாம். மயில்துத்தம் 10 கிராம். இங்கே துரிசு என்பார்கள். அதை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராமை வேறு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். நீல நிறம் வரும். பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது மண்ணாக இருக்க வேண்டும். இரும்பும் அலுமினியமும் கூடாது.

கலவை சரியா என்று பார்க்க ஒரு சோதனை. இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் வையுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். அன்றே செய்து அன்றே தெளிக்க வேண்டும். துத்தம் விஷம். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பூவும் காயும்

தண்ணீர் அளவாக, வெயில் நிறைய, சத்து போதுமானதாக இருக்கிறது. மரத்துக்கும் மூன்று வயசு ஆகிவிட்டது. இன்னும் பூ இல்லை. என்ன செய்யலாம்?

கொஞ்சம் பட்டினி போடலாம். எலுமிச்சை வாட்டத்துக்குப் பிறகு பூக்கும் மரம். துலாமழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் வானம் வெளுக்கும். அப்போது தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டி சீக்கிரம் காயும். சில நாளிலேயே இலை லேசாகச் சுருளும். அதற்கு மேல் விடக் கூடாது. காய்ந்த குச்சிகளை வெட்டுங்கள். இரண்டு பிடி எரு போட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சில வாரங்களில் தளிரோடு மொட்டும் வரும். இது வலுவான மரத்துக்கு மட்டும். சின்னக் கன்றுக்கும், நோயில் கிடக்கும் மரத்துக்கும் இதைச் செய்தால் போய்ச் சேர்ந்துவிடும்.

பூ வந்த பிறகு பலர் பயப்படுவார்கள். "நூறு பூ பூத்தது. எல்லாம் கொட்டிப் போயிற்று!" எலுமிச்சை எல்லாப் பூவையும் காயாக்குவதில்லை. நூறு பூவில் சில பூதான் காயாகும். பட்டாணி அளவில் உள்ள காயும் கொஞ்சம் உதிரும். அது இயல்பு. ஆனால் மொத்தமும் உதிர்ந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று ஊற்றினால் காய் கொட்டும். வளர்ந்த காய் வெடிப்பதற்கும் அதுவே காரணம்.

முதல் முறை காய்க்கும் சின்ன மரத்தில் நாலைந்து காய் மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி விடுங்கள். மனசு வராதுதான். ஆனால் கிளை ஒடியாமல், மரம் வளர அது உதவும்.

பூத்து ஐந்து, ஆறு மாதத்தில் பழம் பறிக்கலாம். தோல் பளபளப்பாகி, பச்சை வெளுத்து, லேசாக மஞ்சள் ஏறும்போது சாறு நிறைந்திருக்கும். கையால் இழுத்துப் பறித்தால் காம்பு இருக்கும் இடத்தில் தோல் கிழியும். அந்தப் பழம் சீக்கிரம் கெடும். கத்தரியால் சின்னக் காம்போடு வெட்டுங்கள்.

இந்தப் பழத்துக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் இருந்தார். மாதக்கணக்கில் கடலில் போகும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, உடம்பு தளர்ந்து போகும். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிச் செத்தார்கள். லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் பெரிய எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மிகச் சீக்கிரம் தேறினார்கள். அப்படியும் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட 1795 வரை ஆயிற்று. அந்தச் சாற்றில் இருந்த சத்துக்குத்தான் பின்னால் வைட்டமின் சி என்று பெயர் வைத்தார்கள்.

நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அந்தச் சத்து எலுமிச்சையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் எலுமிச்சைக்கு ஒரு வசதி உண்டு. எந்தச் சாப்பாட்டிலும் பிழிந்து கொள்ளலாம். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தை நம் உடம்பு சுலபமாக எடுக்காது. எலுமிச்சைச் சாறு கூடச் சேர்ந்தால் அதிகம் எடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது உதவும். சூடு பட்டால் வைட்டமின் சி குறைந்துவிடும். ஆகவே கீரையை அடுப்பிலிருந்து இறக்கி, தட்டில் போட்ட பிறகு பிழியுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள். டீ அந்த இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.